கௌதமனின் பெட்டி

அம்பாசமுத்திரம்
10-1-2024

அன்புத் தங்கை உஷாராணிக்கு அக்கா லீலாவதி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சுகம்தானே? டெல்லிக் குளிரில் அவருடைய மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறேன் என்பதே போதும்.

தெருவெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நமக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாது. மாடியில் குடியிருக்கும் மஹாலட்சுமி டீச்சர் நேற்று வந்து, ஒரு கரும்பாவது வாங்கித் தரட்டுமா என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். காது போனதிலிருந்து எல்லோரும் என்னோடு நோட்டில்தான் பேசுகிறார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். சாணக்யபுரித் தூதரகத்தில் உங்களுக்கு விசா கிடைத்துவிட்டதையும், இருபதாம் தேதி கிளம்புவதையும் அவள் போனில்தான் படித்தேன்.

பிள்ளையின் உடம்பு நவம்பரிலேயே வந்து சேர்ந்து காரியமும் முடிந்துவிட்டது. அவன் புழங்கிய சாமான் மட்டும் இத்தாலியில் அந்த டூரின் ஊரில் ஓர் அறையில் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் எடுக்கவேண்டும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். பெற்றவள் நான்தான் போகவேண்டும். காது கேட்காத, பாஷை தெரியாத கிழவி போய் என்ன செய்வேன்? உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். இதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவேண்டாம். அந்த அபூர்வாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கௌதமன் செப்டம்பரில் எழுதியது உனக்குத் தெரியும். முதல் கல்யாணத்தை விட்டு விலகி வந்த பெண் என்றும் மறைக்காமல் எழுதியிருந்தான். நான் பதில் போட்டேன். ‘அவளைக் கட்டினால் எனக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொள்வேன், செத்தாலும் வராதே’ என்று எழுதினேன் உஷா. அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் வீம்பாக ஆறு வாரம் இருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் அக்டோபர் முப்பதாம் தேதி இன்னொரு கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று எழுதினேன். டீச்சரின் போனிலிருந்தே நான் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். பெற்றவள் மன்னிப்புக் கேட்பதை ஊரார் கையால் சொல்வதா என்று கௌரவம் பார்த்தேன். நவம்பர் பதினாலாம் தேதி சைக்கிளில் போனவன்மேல் லாரி ஏறிவிட்டது.

வெளிநாட்டுத் தபால் பன்னிரண்டு நாளிலும் போகும், இருபது நாளிலும் போகும். இருபத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவளுக்கே பிடிபடாத கணக்கு அது. அந்த இரண்டாவது கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, பிரித்துப் படித்தானா, அதை மட்டும் பார்த்து எழுது. வேறு எந்தச் சாமான் வந்தாலும் வராவிட்டாலும் சரி.

போய் வரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி எடுத்து வை.

உன் அக்கா
லீலாவதி

*

புது டெல்லி
5-2-2024

அன்புள்ள அக்காவுக்கு உஷா வணக்கத்துடன் எழுதுகிறேன். நாங்கள் முந்தாநாள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். இவருக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுங்கள்.

டூரினில் குளிர் நம் டெல்லிக் குளிர் மாதிரி இல்லை அக்கா, எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கௌதமன் இருந்தது மூன்றாம் மாடி. சின்ன அறைதான், ஆனால் சுத்தம். ஜன்னலில் நின்றால் தூரத்தில் பனி மலை தெரிகிறது. அடுப்பு மேடையில் நீங்கள் கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி டப்பாவில் கொஞ்சம் மீதி இருந்தது. வீட்டுக்காரி வயதானவள். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். பாஷை புரியாவிட்டாலும் நல்ல மனுஷி என்று தெரிந்தது. அவன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காப்பி கஷாயம்தான்.

சாமான்கள் பின்னால் வரும். ஏதேதோ நடைமுறை இருக்கிறதாம், கொஞ்சம் நாளாகும் என்கிறார்கள். நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இவர் மே மாதம் ரிடையர் ஆகிறார் அல்லவா? அதற்கப்புறம் லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். முப்பத்தைந்து வருஷத்துச் சட்டி பானையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மலைப்பாக இருக்கிறது.

டீச்சருக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தங்கை
உஷா

*

அம்பாசமுத்திரம்
14-2-2024

அன்புள்ள உஷாவுக்கு அக்காவின் ஆசிகள். மாப்பிள்ளையின் சளிக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடு. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். பனி மலை இருக்கிறது, கஷாயக் காப்பி இருக்கிறது, உன் சட்டி பானைகூட இருக்கிறது. நான் கேட்ட ஒரு வரியைத்தான் காணோம். மறந்துவிட்டாய் என்று நான் நம்பவேண்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

சாமான் பின்னால் வருகிறது என்கிறாய். எதில் வருகிறது? கப்பலா, விமானமா, பார்சல் தபாலா? ரசீது எண் இருக்குமே, அதை அனுப்பு. எங்கே நிற்கிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கே தபால் கதை சொல்லாதே.

கடிதத்தைப் பற்றி உடனே எழுது.

அக்கா
லீலாவதி

*

புது டெல்லி
12-3-2024

அன்புள்ள அக்கா, உங்கள் உடல்நலம் கோருகிறேன். ஒரு மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். இனியும் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

சாமான் எதுவும் வராது அக்கா. திருட்டுப் போய்விட்டது.

எல்லாவற்றையும் நீங்கள் கௌதமனுக்கு வாங்கிக் கொடுத்த நீலப் பெட்டியிலேயே வைத்தோம். லேப்டாப், கடிகாரம், கேமரா, சட்டைகள், சர்டிபிகேட்டுகள் எல்லாமே அதற்குள்தான். முக்கியமானதை என் கைப்பையில் வைக்கிறேன் என்றேன். இவர் கேட்கவில்லை. “ஏட்டி, பிரிச்சு வச்சா எது எங்க இருக்குன்னே தெரியாது. ஒண்ணா இருந்தா எப்பவும் கண்ணு முன்னால இருக்கும்லா?” என்றார். சர்டிபிகேட் தொலைந்தால் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்தார். அந்த ஜெராக்ஸையும் அதே பெட்டியில் வைத்தார். ஆபீஸில் பைல் கட்டிய புத்தி, ஒரிஜினலும் காப்பியும் ஒரே கட்டில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

டூரினிலிருந்து மிலானுக்கு ரயில். பெட்டி எங்கள் ஸீட்டுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. கோட்டும் கழுத்துத் துண்டுமாக ஒரு ஆள் பிளாட்பாரத்திலிருந்து ஜன்னலைத் தட்டினான். எங்கள் காலடியைக் கையால் காட்டிக்காட்டி என்னவோ சொன்னான். ஏதோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் குனிந்து ஸீட்டுக்கு அடியில் தேடினோம். கீழே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் ஜன்னலில் ஆளும் இல்லை, பின்னால் பெட்டியும் இல்லை. கதவு மூடி வண்டி நகர்ந்துவிட்டது. அரை நிமிஷம்கூட இருக்காது.

மிலானில் போலீஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். இவர் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு இருபத்தேழு சாமான்களை எழுதிக் கொடுத்தார். அந்தப் போலீஸ்காரப் பெண் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இவர் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. ஆபீஸ் போகிறார், வருகிறார், டிவியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று, “நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம் குனிஞ்சோமே, ஒருத்தர் நிமிர்ந்து இருந்திருக்கலாமே” என்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

நீங்கள் கேட்ட கடிதங்கள் இரண்டுமே அந்தப் பெட்டியில்தான் இருந்தன. பிரித்திருந்ததா என்று நான் கவனிக்கவில்லை அக்கா. அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். என்னைத் திட்டுங்கள். இவரைத் திட்டாதீர்கள்.

உஷா

*

அம்பாசமுத்திரம்
20-3-2024

அன்புள்ள உஷாவுக்கு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. முதலில் மாப்பிள்ளையை உன் பக்கத்துக்கு அழைத்து இந்தக் கடிதத்தைக் காட்டு. மாப்பிள்ளை, உயிரே போனபிறகு பெட்டி போனதற்கு யாரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள். யாராவது ஜன்னலைத் தட்டி எதையோ காட்டினால் குனியாதவர்கள் நம் குடும்பத்தில் கிடையாது. சாப்பிடுங்கள், பேசுங்கள்.

இனி உனக்கு. சட்டை போகட்டும், கடிகாரம் போகட்டும். எடுத்தவன் கட்டிக்கொண்டு திரியட்டும். ஆனால் நீ கவனிக்கவில்லை என்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்துப் பார்த்து, பிரித்து, எண்ணி, அதற்கப்புறம் பையில் போடுகிறவள் நீ. ஆறாயிரம் கிலோமீட்டர் போய், அக்கா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தும், உறை பிரித்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் அள்ளிப் போட்டாயா?

இரண்டாவது கடிதம் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் இப்போது தெரிகிறது. அது இன்னும் மோசமாக இருக்கிறது. எப்போது சேர்ந்தது? அம்மா எழுத்தைப் பார்த்து, இதிலும் வசவுதான் இருக்கும் என்று பிரிக்காமல் ஒதுக்கி வைத்தானோ? பிரிக்காமலே கிளம்பினானோ? இதையே நினைத்துக்கொண்டு உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையை நினைத்துப் பார். உறை எங்கே இருந்தது? மேஜையிலா, அலமாரியிலா? எது ஞாபகம் வந்தாலும் எழுது.

அக்கா

*

அம்பாசமுத்திரம்
9-4-2024

மதிப்பிற்குரிய உஷாராணி அம்மாவுக்கு மஹாலட்சுமி வணக்கம். நீங்களும் சாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். என் போனை அக்கா அடிக்கடி வாங்கிப் பார்ப்பார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்கா பத்து நாளாக மாத்திரை போடுவதில்லை. கேட்டால், “யாருக்காகப் போடணும்” என்கிறார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு. தபால்காரர் வரும் நேரத்துக்கு வெயிலில் போய் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். காது கேட்காததால் சைக்கிள் மணி தெரியாது என்று அரை மணி முன்னாலேயே போய்விடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை அங்கேயே மயங்கிச் சரிந்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்தார், அழுத்தம் இருநூறுக்குப் போய்விட்டது.

ஏதோ ஒரு கடிதத்தைப் பற்றி உங்களிடம் கேட்டிருப்பதாகவும், நீங்கள் பதில் போடவில்லை என்றும் சொன்னார்கள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தயவுசெய்து அவர்கள் மனம் ஆறும்படி நாலு வரி எழுதுங்கள் அம்மா.

இப்படிக்கு
மஹாலட்சுமி

*

புது டெல்லி
15-4-2024

அன்புள்ள அக்கா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன். மாத்திரையைப் போடாமல் இருக்கிறீர்களாமே, இது என்ன பிடிவாதம்? கௌதமன் இருந்தால் விடுவானா?

நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. கதவுக்குப் பின்னால் அவனுடைய குளிர் கோட்டு தொங்கியது. அதன் உள்பையில்தான் அந்தக் கடிதம் இருந்தது. பிரித்திருந்தது அக்கா. பிரித்தது மட்டும் இல்லை, நாலாக மடித்து வைத்திருந்தான். பல தடவை எடுத்துப் படித்திருக்க வேண்டும், மடிப்பில் தாள் நைந்து ஓட்டை விழுகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் காப்பிக் கறைகூட இருந்தது. ‘கூட்டிக்கொண்டு வா’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று மடித்து வைத்துவிட்டேன். திருட்டு நடந்த அதிர்ச்சியில் எல்லாம் மறந்துபோயிருந்தது.

அவன் படித்துவிட்டுத்தான் போனான். நிம்மதியாகப் போனான். நீங்களும் நிம்மதியாக இருங்கள். இன்றைக்கே மாத்திரையை ஆரம்பியுங்கள்.

தங்கள் தங்கை
உஷா

*

அம்பாசமுத்திரம்
24-4-2024

என் கண்ணே உஷா, நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் இருக்கவேண்டும். நான் நலம். சந்தோஷத்தில் வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். தபால்காரர் பயந்துபோய் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார். அவளைக் கட்டிக்கொண்டு, “படிச்சிட்டாம்ட்டீ, எம்புள்ள படிச்சிட்டான்” என்று கத்தினேனாம். என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்கு எங்கே தெரிகிறது? எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்துவிட்டன.

மாத்திரை போடுகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நேற்று அவியல் வைத்தேன். அவன் போனபிறகு நான் தேங்காய் உடைத்தது நேற்றுத்தான்.

நைந்துபோகிற அளவுக்குப் படித்தானா? என் எழுத்தில் அப்படி என்ன இருந்தது? இரண்டு பக்கம்தான் எழுதினேன். இதை நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப் புடவை இருக்கும். அபூர்வாவுக்கு. அவள் அப்பா அம்மா உங்கள் டெல்லி மயூர் விஹாரில்தானே இருக்கிறார்கள்? அவள் ஊருக்கு வரும்போது நீ கையில் கொடு. நான் சம்மதித்ததை அவன் அவளிடம் எப்படிச் சொன்னான், சிரித்தானா, என்ன வார்த்தை சொன்னான் என்று கேட்டு அப்படியே எழுது. ஒரு வார்த்தையையும் விடாதே.

உன் அக்கா
லீலாவதி

*

புது டெல்லி
2-6-2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே வெயில் நாற்பத்தாறு. இவர் வெள்ளிக்கிழமை ரிடையர் ஆனார். மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மாலையைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். உங்கள் உடம்பு தேறியது என்று டீச்சர் சொன்னாள், சந்தோஷம்.

அபூர்வா வந்திருந்தாள். நான் நினைத்த மாதிரி இல்லை, மெலிந்து, தலை வாராமல், பார்க்கவே பாவமாக இருந்தது. வீடெல்லாம் மூட்டை கட்டிப் போட்டிருந்ததால் உட்கார இடமில்லாமல் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். புடவையைக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று சொன்னதும் மடியில் வைத்துக்கொண்டு ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம், “சச் மே, ஆன்ட்டி? நிஜமாவே அவங்க ஒத்துக்கிட்டாங்களா? கௌதம் என்கிட்ட சொல்லவே இல்லியே. லாஸ்ட் டே வரைக்கும் அம்மா பத்தி பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவான்” என்றாள்.

சொல்ல நேரம் வாய்த்திருக்காது என்றேன். நேரில் சொல்லலாம் என்று வைத்திருப்பான் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதான் அக்கா. இதற்குமேல் அந்தப் பெண்ணை எதுவும் கேட்கவேண்டாம். அவளும் ஆறட்டும், நீங்களும் ஆறுங்கள். மழைக்கு அப்புறம் நாங்கள் ஊர்ப்பக்கம் வருகிறோம்.

உஷா

*

புது டெல்லி
8-7-2024

அன்புள்ள அக்கா, நலமா? நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகியும் உங்களிடமிருந்து பதில் இல்லை. டீச்சரைக் கேட்டால், நன்றாக இருக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், ஆனால் பேசுவதில்லை என்கிறாள். அபூர்வா சொன்னதை எழுதியது தப்போ என்று தவிக்கிறேன். கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

உஷா

*

அம்பாசமுத்திரம்
19-7-2024

உஷாராணிக்கு. உன் உடம்பும் மாப்பிள்ளையின் உடம்பும் நன்றாக இருக்கட்டும். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறைவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி ஒரு பார்சல் வந்தது. இத்தாலிப் போலீஸ் நம் தூதரகத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து வந்திருக்கிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் கௌதமனின் சாமான். ஏதோ ஸ்டேஷனுக்குப் பின்னால் புதரில் கிடந்ததாம். விலைபோகிறதையெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்திருக்கிறான். சர்டிபிகேட், ஜெராக்ஸ், ஒரு கையுறை, உடைந்த மூக்குக்கண்ணாடி, இரண்டு கடிதம்.

டெல்லிக்கு வராமல் இங்கே ஏன் வந்தது என்று நீ யோசிப்பாய். மாப்பிள்ளை போலீஸில் எழுதிக் கொடுத்த தாளின் நகலையும் வைத்திருந்தார்கள். விலாசம் என்ற இடத்தில் என் வீட்டு விலாசம் இருக்கிறது. அவர் அப்பா வீடு விற்றுப்போனதிலிருந்து எந்தப் பாரத்திலும் என் வீட்டைத்தானே நிரந்தர முகவரி என்று எழுதுகிறார். சர்க்கார் குவார்ட்டர்ஸில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது நமக்கு விலாசம் ஆகாது என்பாரே. அவரைக் கோபிக்காதே. அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்.

நாலாக மடித்த கடிதம் இருந்தது. மடிப்பில் தாள் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓரத்தில் காப்பிக் கறையும் இருந்தது. நீ எழுதினது அத்தனையும் நிஜம் உஷா. கடிதத்தை மட்டும் மாற்றிவிட்டாய். அது செப்டம்பர் கடிதம். ‘செத்தாலும் வராதே’ என்று எழுதியிருக்கிற வரியில்தான் மடிப்பு விழுந்து எழுத்தே அழிந்திருக்கிறது. அதைத்தான் என் பிள்ளை கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

இன்னொன்று ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது. உறையின் மூலையில் பென்சிலால் 17/11 என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்காரி அது வந்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறாள், நல்ல மனுஷிதான். பதினாலாம் தேதி அவன் போனான். பதினேழாம் தேதி கடிதம் வந்திருக்கிறது. மூன்று நாள். ஆறு வாரம் வீம்பு பிடித்தவள் ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால் போதும். நீ அதைப் பார்த்திருக்கிறாய். இந்த மூன்று நாளைத்தான் என்னிடமிருந்து ஐந்து மாதம் ஒளித்து வைத்திருந்தாய்.

முதலில் உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் எரிந்துபோகும். நடுத்தெருவில் உட்கார்ந்து, படித்துவிட்டான் என்று கத்தினேனே, அந்த வெட்கம் வேறு. அந்தப் பெண்ணுக்குப் புடவை அனுப்பி அவள் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டேன். எனக்குத் தங்கை இல்லை, இனி எழுதாதே என்று ஒரு கடிதம் எழுதி, உறைக்குள் போட்டு, விலாசமும் எழுதினேன். தபால் பெட்டிவரைக்கும் போனேன். போடாமல் திரும்பிவந்து அடுப்பில் வைத்தேன். ஒன்றைப் போட்டுவிட்டு, அப்புறம் இன்னொன்றைப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிற தைரியம் எனக்கு இனிமேல் கிடையாது.

நீ பொய் சொன்னது எனக்காகத்தான் என்று தெரியும். இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். அதற்கு உனக்கு நன்றி சொல்வதா, அதற்காகவே உன்னை மன்னிக்காமல் இருப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வருகிறது.

அந்த ஒட்டின கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. எழுதினவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் அதை இதுவரை ஒரு மனுஷர்கூடப் படிக்கவில்லை. குப்பையில் போடவும் மனசு வரவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கவும் பிடிக்கவில்லை. நீ பிரி உஷா. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை நிதானமாகப் படி. படித்துவிட்டு, படித்தேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. இந்தத் தடவையாவது அது நிஜமாக இருக்கட்டும்.

அக்கா
லீலாவதி